செல்போனில் வரும் நெல் ஆலோசனை எந்தக் கணக்கில் வருகிறது? கணினி வைத்திருக்கும் எட்டு எண்களை நாமே படிக்கலாம்

"உங்கள் நெற்பயிர் கதிர் உருவாகும் பருவத்தை அடைந்துள்ளது. மேலுரம் இடவும்." இப்படி ஒரு குறுஞ்செய்தி வருகிறது. வயலில் போய்ப் பார்த்தால் பயிர் இன்னும் தூர் கட்டிக்கொண்டிருக்கிறது. செய்தியை நம்பி யூரியாவைப் போடுவதா, கண்ணை நம்பிக் காத்திருப்பதா? டெல்டாப் பகுதி விவசாயிகள் பலர் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். செயலி வைத்திருப்பவர்களுக்கும் இதே குழப்பம் இருக்கிறது.

அந்தச் செய்தி எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொண்டால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். சில செயலிகள் விதைத்த தேதியிலிருந்து நாட்களை எண்ணுவதோடு நின்றுவிடும். கொஞ்சம் ஆழமாகப் போகிறவை 'பயிர் மாதிரி' என்ற ஒன்றை வைத்துக் கணக்குப் போடும். பயிர் மாதிரி என்பது நெற்பயிர் வளரும் விதத்தைக் கணினிக்குப் புரியும்படி எண்களாகவும் சூத்திரங்களாகவும் எழுதி வைத்திருப்பது. அந்த எண்களைப் பொதுவாக யாரும் நம்மிடம் காட்டுவதில்லை. காட்டினாலும் என்னவென்று சொல்வதில்லை. ஆனால் அதில் மறைப்பதற்கு எதுவும் இல்லை, ஐந்தாம் வகுப்புக் கணக்குத் தெரிந்தால் போதும்.

உலகம் முழுவதும் அதிகம் பயன்படும் பயிர் மாதிரி மென்பொருள்களில் ஒன்று டி.எஸ்.எஸ்.ஏ.டி. 1989-ல் முதலில் வெளியானது. அதற்குள் நெல்லுக்கு 'செரஸ் ரைஸ்' என்ற மாதிரி இருக்கிறது. நெல் ரகங்களுக்கென்று ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு இருக்கும். ஒரு ரகத்துக்கு ஒரே ஒரு வரிதான். ஐ.ஆர். 64 ரகத்துக்கு நேராக இருக்கும் எண்கள் இவை:

500.0 – 160.0 – 450.0 – 12.0 – 60.0 – 0.0250 – 1.00 – 1.00

அவ்வளவுதான். நாற்றங்காலிலிருந்து அறுவடை வரை நாம் நான்கு மாதம் பார்த்துப் பார்த்து வளர்க்கும் பயிர், கணினிக்கு இந்த எட்டு எண்கள். (புதிய பதிப்புகளில் இன்னும் சில எண்கள் சேர்ந்திருக்கின்றன. அடிப்படை இந்த எட்டுதான்.)

முதல் எண்: இளம்பருவத்துக்கு எவ்வளவு வெப்பம்

500 என்பது நாள் கணக்கு அல்ல, வெப்பக் கணக்கு. பயிர் நம் காலண்டரைப் பார்த்து வளர்வதில்லை, தினமும் கிடைக்கும் வெப்பத்தைச் சேர்த்துச் சேர்த்து வளர்கிறது. பிரான்ஸ் நாட்டு அறிஞர் ரெயோமூர் 1735-லேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்.

ஒரு நாளின் வெப்பக் கணக்கைப் போடுவது எளிது. அன்றைய அதிகபட்ச வெப்பநிலையையும் குறைந்தபட்ச வெப்பநிலையையும் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும். அதிலிருந்து 9-ஐக் கழிக்க வேண்டும். 9 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நெல் வளராது என்று இந்த மாதிரி எடுத்துக்கொள்கிறது, அதனால்தான் 9.

பகலில் 34 டிகிரி, இரவில் 25 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 59, பாதி 29.5, ஒன்பதைக் கழித்தால் 20.5. அன்றைக்குப் பயிரின் கணக்கில் 20.5 அலகு வரவு. மறுநாள் மழை, பகலில் 29, இரவில் 23. பாதி 26, ஒன்பது போனால் 17. வரவு குறைந்துவிட்டது. பால் சொசைட்டி அட்டையில் தினமும் லிட்டரை எழுதுவது மாதிரி எழுதிக்கொண்டே வந்தால் போதும்.

முளைத்ததிலிருந்து இந்த வரவு 500 அலகு சேரும் வரை ஐ.ஆர். 64 இளம்பயிராகவே இருக்கும், கதிர் வைப்பதைப் பற்றி நினைக்காது என்பதுதான் முதல் எண்ணின் பொருள். நாளுக்கு 20.5 அலகு கிடைத்தால் சுமார் 24 நாள். பழைய ஐ.ஆர். 8 ரகத்துக்கு இதே இடத்தில் 880 என்று இருக்கும், அதாவது சுமார் 43 நாள். ஐ.ஆர். 8 ஏன் வயலில் அதிக நாள் நின்றது என்பதற்கான காரணம் பெரும்பாலும் இந்த ஒரு எண்ணில் இருக்கிறது.

இந்த எண்கள் ஒவ்வொரு ரகத்தையும் வயலில் வளர்த்து, பூத்த தேதி, முற்றிய தேதி, மகசூல் எல்லாவற்றையும் அளந்து, கணினியின் கணக்கு வயலோடு ஒத்துப்போகும் வரை திருத்தித் திருத்திக் கண்டுபிடிக்கப்பட்டவை. ஆகவே அளக்காத ரகத்துக்கு எண் கிடையாது. இதை மறக்காதீர்கள், கடைசியில் இதற்கே திரும்பி வருவோம்.

பட்டம் தப்பினால் ஏன் கதிர் தப்புகிறது?

இரண்டாவது எண்ணையும் நான்காவது எண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எனக்கு இந்த வரியில் மிகவும் பிடித்த இடம் இதுதான், ஏனென்றால் நம் பெரியவர்கள் பட்டம் பார்த்து விதைத்ததற்கான கணக்கு இதில் இருக்கிறது.

நெல் ஒரு குறும்பகல் பயிர். பகல் நேரம் சுருங்கும்போது கதிர் வைக்கத் தூண்டப்படும். நான்காவது எண்ணான 12.0 என்பது பகலின் நீளம், மணிக்கணக்கில். பகல் இந்த அளவுக்குள் இருந்தால் பயிர் தாமதமில்லாமல் அடுத்த கட்டத்துக்குப் போகும். பகல் இதைவிட நீண்டால், நீளும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் எவ்வளவு தாமதம் என்பதை இரண்டாவது எண் சொல்கிறது. ஐ.ஆர். 64-க்கு அது 160 அலகு. நாளுக்கு 20 அலகு என்றால் ஒரு மணி நேரத்துக்கு 8 நாள் தாமதம்.

தஞ்சாவூர்ப் பகுதியில் ஜூன் மாதம் பகல் சுமார் 12 மணி 45 நிமிடம். டிசம்பரில் சுமார் 11 மணி 30 நிமிடம். வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம்தான். இந்தச் சின்ன வித்தியாசத்தை நாம் கவனிப்பதே இல்லை, பயிர் கவனிக்கிறது. ஐ.ஆர். 8-க்கு இந்த எண் 52 மட்டுமே. பகல் நீளத்தை அது பெரிதாகப் பொருட்படுத்தாது என்று அர்த்தம். குறுவை, சம்பா, நவரை என்று எந்தப் பருவத்தில் வேண்டுமானாலும் போடும் ரகங்கள் இப்படித்தான் உருவாக்கப்பட்டன.

பழைய சம்பா ரகங்கள் பல இதற்கு நேர் எதிர். அவற்றுக்கு இந்தத் தாமத எண் மிகப் பெரிதாக இருக்கும். ஆடியில் விதைத்தாலும் ஆவணிக் கடைசியில் விதைத்தாலும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் பூக்கும், ஏனென்றால் அவை பகல் சுருங்குவதற்காகக் காத்திருக்கின்றன. அதே ரகத்தை மாசியில் விதைத்தால் பகல் நீண்டுகொண்டே போகும். பயிர் உயரமாக வளர்ந்து, தூர் விட்டு, பச்சையாகவே நிற்கும். விதை கெட்டுவிட்டது என்று விதை கொடுத்தவரோடு சண்டைக்குப் போக வேண்டாம். பாரம்பரிய ரகத்துக்கு மாறும் புதியவர்கள் பலர் இந்த இடத்தில் ஒரு பருவத்தை இழந்திருக்கிறார்கள். பாரம்பரிய விதை வாங்கும்போது 'எத்தனை நாள்' என்று கேட்பதைவிட 'எந்தப் பட்டத்துக்கு' என்று கேட்பது முக்கியம்.

மூன்றாவது எண்: அறுவடைத் தேதி

450 என்பது மணி முற்றுவதற்குத் தேவையான வெப்பம். பூத்து மூன்று நான்கு நாள் கழித்து மணி பிடிக்கத் தொடங்கும்போது கணக்கு ஆரம்பித்து, முழுமையாக முற்றும்போது முடிகிறது.

குறுவையில் பகல் 34, இரவு 25 என்றால் நாளுக்கு 20.5 அலகு. 450-ஐ 20.5-ஆல் வகுத்தால் 22 நாள். தை மாதத்தில் முற்றும் பயிருக்குப் பகல் 29, இரவு 21 என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 16 அலகு, 28 நாள் ஆகும். பூத்ததிலிருந்து கணக்கிட்டால் முதலாவது சுமார் 26 நாள், இரண்டாவது சுமார் 32 நாள். ஒரே ரகம், ஒரே வயல், ஆறு நாள் வித்தியாசம்! 'பூத்து 30 நாளில் அறுவடை' என்று பொதுவாகச் சொல்வது இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஒரு தோராயம்தான்.

அறுவடை இயந்திரத்துக்கு முன்பதிவு செய்ய, ஆள் பேச, வயலில் தண்ணீரை வடிக்க எல்லாவற்றுக்கும் இந்த ஆறு நாள் முக்கியம். முந்தி அறுத்தால் பச்சை மணி அதிகமாகும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் இருந்தால் என்ன பாடு என்பது உங்களுக்கே தெரியும். பிந்தினால் மணி உதிரும், மழை வந்தால் சாய்ந்து முளைத்துவிடும்.

மற்ற எண்களை வேகமாகப் பார்த்துவிடலாம். ஐந்தாவது எண்ணான 60, பயிர் பூக்கும் சமயத்தில் தண்டின் எடைக்கு ஏற்ப எத்தனை மணிகள் உருவாக வாய்ப்பிருக்கிறது என்பதைச் சொல்கிறது. ஆறாவது 0.0250, ஒரு மணியின் எடை கிராமில். ஆயிரத்தால் பெருக்கினால் 25 கிராம், நமக்குப் பழக்கமான ஆயிரம் மணி எடை. ஐ.ஆர். 8-க்கு அங்கே 0.0280 இருக்கும். மோட்டா ரகம் அல்லவா. ஏழாவது எண் தூர் கட்டும் திறன். இதற்கு ஐ.ஆர். 64-ஐயே அளவுகோலாக வைத்திருக்கிறார்கள், ஆகவே ஐ.ஆர். 64-க்கு 1. எட்டாவது எண் வெப்பநிலையைத் தாங்கும் தன்மை. வழக்கமான சூழலில் வளரும் ரகங்களுக்கு 1 என்றே இருக்கும்.

வெப்பக் கணக்கில் ஒரு எச்சரிக்கை. வெயில் ஏற ஏறப் பயிர் வேகமாக வளர்ந்துகொண்டே போகும் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு எல்லைக்கு மேல் வேகம் கூடாது. பூக்கும் நேரத்தில் 35 டிகிரிக்கு மேல் போனால் மகரந்தம் பாதித்துப் பதர் அதிகமாகும். கையால் போடும் எளிய கணக்கில் இது தெரியாது.

கணினி நெல்லுக்கு எலி தெரியாது

இந்த எட்டு எண்களோடு மண்ணின் விவரம், தினசரி வானிலை, நட்ட தேதி, உரம், தண்ணீர் ஆகியவற்றைக் கொடுத்தால் கணினி ஒரு முழுப் பருவத்தையும் சில விநாடிகளில் வளர்த்துக் காட்டிவிடும். கொடுக்காததை அது பார்க்காது. புகையான் வந்ததா, எலி வெட்டியதா, கோரை மண்டியதா, வாய்க்கால் உடைந்து பத்து நாள் தண்ணீர் தேங்கியதா என்பதெல்லாம் யாராவது தனியாக அளந்து உள்ளே எழுதினால்தான் அதற்குத் தெரியும். ஆகவே மாதிரி சொல்லும் மகசூல் பெரும்பாலும் நம் களத்துமேட்டு மகசூலைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், இந்தக் கணக்குகள் இப்போது ஆலோசனையோடு நிற்பதில்லை. செயற்கைக்கோள் ராடார் படங்களோடு 'ஒரைசா' என்ற நெல் மாதிரியைச் சேர்த்து, நெல் பரப்பையும் விளைச்சலையும் கணித்துப் பயிர்க் காப்பீட்டுக்கு உதவும் 'ரைஸ்' என்ற பன்னாட்டுத் திட்டத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பங்கேற்றது. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், 2023 காரீப் பருவம் முதல் நெல்லுக்கும் கோதுமைக்கும் தொழில்நுட்ப வழியில் கணித்த மகசூலுக்குக் குறைந்தது 30 சதவீத மதிப்பு தரும் வழிகாட்டுதலை மத்திய அரசு கொண்டுவந்தது. அந்தத் தொழில்நுட்ப வழிகளில் பயிர் மாதிரியும் ஒன்று. பயிர் அறுவடைப் பரிசோதனை நடக்கும்போது வயலில் நின்று பார்க்கிறோம், எத்தனை கிலோ என்று கண்ணால் காண்கிறோம். கணினிக்குள் நடக்கும் பரிசோதனையை நின்று பார்க்க முடியாது. எண்களைப் படிக்கத் தெரிந்தால் கேள்வியாவது கேட்கலாம்.

கணினி மட்டும் படிக்கும் வடிவத்தில் உயிரியல் கணக்குகளை எழுதிவைத்துவிட்டு, பிறகு மனிதருக்குப் புரியவில்லையே என்று திண்டாடுவது நம் துறையில் மட்டும் நடப்பதல்ல. உயிரணுவுக்குள் நடக்கும் வேதிமாற்றங்களை எழுத எஸ்.பி.எம்.எல். என்ற கணினி மொழி இருக்கிறது. அதில் எழுதிய கோப்பைத் திறந்தால் அந்தத் துறை விஞ்ஞானிக்கே தலை சுற்றும். அதனால் அந்தக் கோப்பை வாசிக்கக்கூடிய சமன்பாடுகளாகவும் அட்டவணைகளாகவும் மாற்றித் தரும் கருவியை 2009-ல் தனியாக உருவாக்கி வெளியிட்டார்கள். விஞ்ஞானிக்கே அப்படி ஒன்று தேவைப்படும்போது விவசாயி விளக்கம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

செய்தி வந்தால் என்ன கேட்க வேண்டும்?

முதலில் ரகம். நெல்லில் நாற்று முதல் கதிர் உருவாவது வரையான காலம்தான் ரகத்துக்கு ரகம் பெரிதும் மாறும். கதிர் உருவானதிலிருந்து அறுவடை வரை ஏறக்குறைய 65 நாள் என்பது பெரும்பாலான ரகங்களுக்குப் பொது. ஆகவே 115 நாள் ரகம் சுமார் 50-ஆம் நாளிலும், 155 நாள் ரகம் சுமார் 90-ஆம் நாளிலும் கதிர் உருவாகும் பருவத்துக்கு வரும். உங்கள் சி.ஆர். 1009-ஐச் செயலி குறுகிய கால ரகமாக எடுத்துக்கொண்டால், மேலுரச் செய்தி ஐந்தாறு வாரம் முன்னாலேயே வந்துவிடும். அப்போது போடும் தழைச்சத்து கதிருக்குப் போகாது. பயன்படாத தூர்களுக்கும் இலைக்கும் போகும். இலை கருகருவென்று இருக்கும், இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் தேடி வரும். செயலியில் உங்கள் ரகத்தின் பெயர் இல்லையென்றால் ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டுப் போகாதீர்கள். வயதில் ஒத்த ரகத்தையாவது தேர்ந்தெடுங்கள். பாரம்பரிய ரகமாக இருந்தால் பருவம் பற்றிய செய்தியை நம்பவே வேண்டாம் என்பது என் கருத்து, பெரும்பாலான பாரம்பரிய ரகங்களை இந்த எண்களுக்காக யாரும் அளந்ததில்லை.

அடுத்தது தேதி. விதைத்த தேதியைக் கேட்கும் இடத்தில் நட்ட தேதியைக் கொடுத்தால் கணக்கு மூன்று நான்கு வாரம் தள்ளிப்போகும். இந்தத் தவறு மிகச் சாதாரணமாக நடக்கிறது. மூன்றாவது, வானிலை எந்த ஊருடையது என்பது. கடலோரத்தில் இருக்கும் வயலுக்கு உள்நாட்டு நிலையத்தின் வெப்பநிலையை எடுத்தால் நாளுக்கு ஒன்று இரண்டு அலகு மாறும், நூறு நாளில் அது ஒரு வாரமாகிவிடும்.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கிராமின் கிரிஷி மௌசம் சேவா திட்டத்தில் வேளாண் வானிலை அறிக்கைகள் வாரத்தில் செவ்வாய், வெள்ளி இரு நாட்களில் வருகின்றன, 'மேகதூத்' செயலியிலும் பார்க்கலாம். அவை மாவட்டம் முழுவதற்குமான பொது ஆலோசனை. உங்கள் வயலின் பருவத்தை நீங்கள்தான் சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். சந்தேகம் இருந்தால் கிசான் கால் சென்டரின் கட்டணமில்லா எண் 1800-180-1551-ல் தமிழிலேயே கேட்கலாம்.

பிளேடும் நோட்டும்

கதிர் உருவாகும் பருவமா இல்லையா என்பதை அறிய நிச்சயமான வழி வயலிலேயே இருக்கிறது. வரப்போரம் அல்லாமல் வயலின் உள்ளே நான்கைந்து இடங்களில் இருந்து ஒவ்வொரு குத்தைப் பிடுங்குங்கள். குத்தின் முதன்மைத் தண்டை அடியிலிருந்து பிளேடால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். அடிக்கணுவுக்கு மேலே ஒன்று இரண்டு மில்லிமீட்டர் அளவில் வெள்ளையாக, மெல்லிய பஞ்சு போன்ற கூம்பு தெரிந்தால் கதிர் உருவாகிவிட்டது. பெரும்பாலான தண்டுகளில் தெரிந்தால் உரத்தை இடலாம். அடியுரம், தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் என்று தழைச்சத்தை நான்காகப் பிரித்து இடச் சொல்லும் பரிந்துரையில் மூன்றாவது தவணை இதுதான். குறுஞ்செய்தியும் கூம்பும் ஒத்துப்போகவில்லை என்றால் கூம்பு சொல்வதைக் கேளுங்கள்.

கூடவே ஒரு நோட்டு போடுங்கள். அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலை காட்டும் வெப்பமானியை நிழலில், காற்றோட்டமான இடத்தில், ஆள் உயரத்தில் மாட்டி தினமும் ஒரே நேரத்தில் குறித்துக்கொள்ளலாம். வாங்க முடியாதவர்கள் அருகிலுள்ள வானிலை நிலையத்தின் அளவை எழுதிக்கொள்ளலாம். வயலில் பாதிக் கதிர்கள் பூத்த நாளில் ஒரு கோடு போடுங்கள். அதிலிருந்து நான்கு நாள் தள்ளி, தினசரி அலகுகளைக் கூட்டத் தொடங்குங்கள். கதிரில் பத்தில் எட்டு மணி வைக்கோல் நிறமாக மாறிய நாளில் கூட்டலை நிறுத்துங்கள். வருகிற தொகைதான் உங்கள் வயலில் உங்கள் ரகத்துக்கான மூன்றாவது எண். கோப்பில் உள்ள எண் மணி முழுமையாக முற்றும் நாள் வரை கணக்கிட்டது, நீங்கள் நிறத்தைப் பார்த்து நிறுத்துகிறீர்கள். ஆகவே இரண்டும் அச்சாக ஒத்துப்போகாது, அதனால் நஷ்டமில்லை.

குறுவையில் ஒரு முறை, சம்பாவில் ஒரு முறை என்று இரண்டு மூன்று தடவை எழுதிப் பாருங்கள். நாட்கள் மாறும், தொகை அவ்வளவாக மாறாது. அடுத்த பருவத்தில் பூத்த அன்றே அறுவடை எந்த வாரத்தில் என்று இயந்திரக்காரரிடம் சொல்லிவிடலாம். அந்த நோட்டை உங்கள் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டுங்கள். கோப்பில் வரி இல்லாத ரகங்களுக்கு வரி எழுத அவர்களுக்கு வேண்டியது விதைத்த தேதி, பூத்த தேதி, முற்றிய தேதி, மகசூல், ஆயிரம் மணி எடை. இவை ஐந்தும் உங்களிடம்தான் இருக்கின்றன.